‘சரி’ என்று சொல்லும் முயல்கள்

அன்பும் மரியாதையும் என்றும் குறையாத மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்காள் மகள் எழுதுவது. இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அப்பா தேவைக்கு மேலேயே நலம். அங்கே நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள். மருந்துக்கடைக்காரன் வீட்டில் நலத்துக்கு என்ன குறை என்று நீங்களே சொல்வீர்கள் என்பதால் அதற்கு மேல் விசாரிக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து என்னைக் கையோடு அழைத்துப்போய் உங்கள் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப் போவதாகவும், அதற்கென்று சுழல் நாற்காலி ஒன்று வாங்கிவிட்டதாகவும் அம்மா சொன்னாள். நாற்காலிக்கு நன்றி. நான் வரவில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீங்கள் “சொல்லும்மா” என்பீர்கள், நான் வாயைத் திறப்பதற்குள் “அப்ப சரி, வெச்சிடவா” என்பீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை.

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு முயலின் வாய். அதைச் சொல்வதற்கு முன் நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் எல்லோரிடமும் நான் தையல் வேலை செய்வதாகச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் நீளமாக ஒரே கூடம், அதுதான் எங்கள் பொம்மைப் பட்டறை. ஒரு கோடியில் துணி வெட்டுவார்கள், நடுவில் மிஷினில் தைப்பார்கள், அதற்கடுத்துப் பஞ்சு அடைப்பார்கள், ஜன்னலோரக் கடைசி மேசை என்னுடையது. முயலோ கரடியோ யானையோ, என்னிடம் வரும்போது உடம்பு முழுதாக இருக்கும், முகம் மட்டும் இருக்காது. அந்த நிலையில் இருக்கிற பொம்மைக்குப் பட்டறையில் ‘ஊமை’ என்று பெயர். ஊமைக்குக் கண்ணும் மூக்கும் வாயும் நூலால் தைப்பது என் வேலை. நான் சேர்ந்த அன்று, “ஊமைகிட்டயே ஊமையக் குடுத்தாச்சு, இனிமே கூடத்துல சத்தமே இருக்காது” என்று பஞ்சு அண்ணன் சொன்னார். பஞ்சு அண்ணன் என்றால் பஞ்சு அடைக்கிறவர். அவர் புருவத்திலும் மீசையிலும் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். சின்ன வயதிலேயே இப்படி நரைத்துவிட்டதே என்று கொஞ்ச நாள் அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

முகம் தைக்க எனக்கென்று ஒரு வழி இருந்தது, மாமா. யாரிடமும் சொன்னதில்லை. ஊசியில் நூல் கோக்கும்போதே இந்தக் கரடி என்ன சொல்கிறது என்று மனசுக்குள் ஒரு வாக்கியம் வைத்துக்கொள்வேன். ‘கதவத் திற, நான்தான்.’ ‘பொய் சொல்ற, எனக்குத் தெரியும்.’ ‘இன்னொண்ணு குடேன்.’ வாக்கியம் கிடைத்துவிட்டால் கண் எங்கே வர வேண்டும், வாய் எந்தப் பக்கம் தூக்க வேண்டும் என்பதையெல்லாம் கை பார்த்துக்கொள்ளும். எழுந்து நின்று பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காகவே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படிச் சொல்லாமல் விட்ட வாக்கியங்கள் வருஷக்கணக்கில் உள்ளே சேர்ந்து கிடந்தன. அதனால் சரக்குக்குக் குறைவில்லை. என் கரடிகளைக் கடையில் பிள்ளைகள் கையில் எடுத்ததும் அவற்றோடு பேச ஆரம்பித்துவிடுவதாகச் சொன்னார்கள். அது இயல்புதான், முதலில் பேசியது கரடி.

அன்று தைத்து முடித்த முயலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அது ‘சரி’ என்றது. கோபமில்லை, சந்தோஷமில்லை. வெகுநேரம் வரிசையில் நின்றவரிடம் இந்தக் கவுன்ட்டர் மூடியாச்சு, அடுத்த வரிசைக்குப் போங்க என்று சொன்னால் அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தேன். மறுபடியும் ‘சரி’. அடுத்த முயலும் ‘சரி’, அதற்கடுத்து வந்த யானை கொஞ்சம் பெரிய ‘சரி’. நூலின் குற்றமாக இருக்கும் என்று நூலை மாற்றினேன். பழுப்பு நூலில் சொன்னதையே கறுப்பு நூலில் சொன்னது.

எங்கிருந்து வந்தது அந்த ‘சரி’ என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பொம்மைகள் நன்றாக விற்றதால் முதலாளியம்மா அடிக்கடி என் மேசைக்கு வர ஆரம்பித்திருந்தார். நல்ல மனுஷி, எதையும் கெஞ்சுகிற குரலில்தான் கேட்பார். இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிடலாமா என்பார், நான் ‘சரிங்க’ என்பேன். யானைக்கு நீயே ஒரு புது முகம் யோசித்துவிடு என்பார், ‘சரிங்க’. மீதியை வீட்டுக்கு எடுத்துப்போய் முடித்துவிடு என்பார், ‘சரிங்க’. மாமா, நான் ‘சரி’ என்பது சம்மதத்தால் அல்ல. ‘முடியாது’ என்றால் ‘ஏன்’ என்று கேட்பார்கள், அதற்கு ஒரு முழு வாக்கியம் பதில் சொல்ல வேண்டும். ‘சரி’ என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இப்படியே மிச்சம் பிடித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் முயலுக்கும் யானைக்கும் செலவாகி, கடைசியில் வாயில் இருந்த அந்த ஒரு சொல் மட்டும் கை வழியாக இறங்கிவிட்டது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. கடைக்காரர் சொல்லிவிட்டார். பொம்மைக்கடைக்காரர் ஒரு பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு மாடியேறி வந்து, முதலாளியம்மாவின் மேசைமேல் கரடிகளை வரிசையாக உட்கார வைத்து, “இதுங்களப் பாருங்கம்மா. எங்க கடைக் கணக்குப்பிள்ளை மாதிரியே இல்ல? அவர் மூஞ்சிய நான் நாள் பூரா பாக்கறேன். அதையே பஞ்சு வெச்சுத் தெச்சுக் குடுத்தா எவன் வாங்குவான்?” என்றார். கணக்குப்பிள்ளையை நான் பார்த்ததில்லை, ஆனாலும் அவர்மேல் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. அதோடு விடவில்லை அவர். கடையில் ஒரு குழந்தை யானையைக் கையில் வாங்கி, அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “இதுக்கு ஜுரம்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டதாம்.

முதலாளியம்மா என்னைத் திட்டவில்லை. கண்ணில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து கண் மருத்துவரிடம் அழைத்துப் போனார். மருத்துவர் எழுத்துகளைக் காட்டிச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். பள்ளிக்கூடம் ஞாபகம் வந்து நான் வாயைத் திறக்கவில்லை. அதனால் பார்வை ரொம்ப மோசம் என்று நினைத்து ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு தைத்தேன். முயல்கள் ‘சரி’ என்று சொல்வது இப்போது பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். வீட்டில் அப்பா வேறு கட்சி. “பொம்மைக்கு மூஞ்சி வரலைங்கறது ஒரு வியாதியா? ஊசி இருக்கு, நூல் இருக்கு, குத்தி இழுக்க வேண்டியதுதான?” என்றார். அப்பாவைக் குறை சொல்ல முடியாது. அவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிறவர். மீட்டரில் இருக்கிற எண்ணை அப்படியே எழுத வேண்டும். புதிதாக எதுவும் தோன்ற வேண்டியதில்லை, தோன்றினால்தான் வேலை போகும். அம்மா, நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அதைச் சொன்னாள். அப்போதுதான் உங்களுக்கு முதல் போன் போனது, உங்கள் டானிக் வந்தது. நான் இரண்டு கரண்டி குடித்தேன், கசந்தது. வீணாகக் கூடாதென்று மீதியை அப்பா குடித்தார். அவர் இப்போது எல்லோருக்கும் முன்பே எழுந்து, செய்ய ஒன்றுமில்லாமல், வீட்டிலுள்ள தாழ்ப்பாள், கீல் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டில் எந்தக் கதவு எப்போது திறக்கிறது என்றே தெரிவதில்லை. அம்மா பயந்துபோய் இருக்கிறாள்.

அடுத்து முதலாளியம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. நான் முன்பு தைத்த முயல்களில் மிக நல்லது ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்து, “நீ ஒண்ணும் யோசிக்க வேணாம்மா. இத அப்படியே பாத்துப் பாத்துத் தெச்சிடு” என்றார். அந்த முயல் ‘யாரு வந்திருக்கா பாரு’ என்கிற முயல். நான் கண்ணுக்குக் கண், நூலுக்கு நூல் பார்த்துத் தைத்தேன். ஒரு பிழை இல்லை. ‘யாரு வந்திருக்கா பாரு’ என்று ஒரு முயல் சொன்னால் அழகாக இருக்கும். ஒரு பெட்டி முயல் ஒரே நேரத்தில் சொன்னால் எப்படி இருக்கும் என்று நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பெட்டியை மூடப் போன பஞ்சு அண்ணன் மூடியைக் கீழே போட்டுவிட்டு, “எல்லாம் என்னையே பாக்குதுங்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கக் கீழே போனார். சாயங்காலம்வரை மேலே வரவில்லை. பிறகு வந்தவரும் என் மேசைப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

அதன் பிறகுதான் எனக்கு ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசியையே தொடக்கூடாது, நன்றாகத் தூங்கு, காற்றாட நட என்று முதலாளியம்மா சொல்லியனுப்பினார். நான் வீட்டில் இருக்கிறேன் என்ற செய்தி தெருவில் பரவ மத்தியானம்வரைகூட ஆகவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தலையணை உறைகளோடு வந்து, “சும்மாதான இருக்க, இதுல ரெண்டு பூ போட்டுடேன்” என்றார். ‘சரிக்கா’ என்றேன். மாடி வீட்டுக்காரர் தன் பேரப்பிள்ளையின் சட்டைப்பையில் ஒரு வாத்து வேண்டும் என்றார். ஊசியைத் தொடாதே என்று காவலுக்கு இருந்த அம்மாவே, தொட்டதுதான் தொட்டாய் என்று ஜன்னல் திரைகளைக் கொண்டுவந்து போட்டாள். எதிர்வீட்டு டீச்சர் பள்ளி நாடகத்துக்கு ஒரு சிங்கத் தலை கேட்டார். பிடரியெல்லாம் வைத்து நன்றாகத்தான் தைத்துக் கொடுத்தேன். நாடகத்தன்று சிங்கம் மேடைக்கு வந்ததும் முன்வரிசையில் இருந்தவர்கள் ‘ஐயோ பாவம்’ என்றார்களாம். பயந்து ஓட வேண்டிய மான் ஓடாமல் நின்று, சிங்கத்தை முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டதாம். டீச்சர் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. உடம்பப் பாத்துக்கம்மா என்று மட்டும் சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அன்று தலை சீவிக்கொள்ளக் கண்ணாடி முன் நின்றபோது அதில் ஒரு முயல் நின்றுகொண்டிருந்தது.

இங்கே ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன், மாமா, ஏனென்றால் அம்மா உங்களிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டாள், அவளுக்குத் தெரியாது. முகம் வராதது பெரிய விஷயமில்லை. உள்ளே வாக்கியம் எதுவும் வரவில்லை என்பதுதான் விஷயம். எனக்கு வெளியே பேச்சு இல்லாததைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் கவலைப்பட்டதில்லை, உள்ளே எனக்கு ஒரு சந்தை இருந்தது. இப்போது உள்ளேயும் கடையடைப்பு. பேருந்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். மனிதர்கள் போவார்கள், வருவார்கள், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். இனி இப்படியே இருந்துவிடுமோ என்று நினைத்தேன். இருந்துவிட்டால் உங்கள் சுழல் நாற்காலியில் உட்காருவதும் ஒன்றுதான், வேறெங்கே உட்காருவதும் ஒன்றுதான்.

ஓய்வெடுத்து இன்னும் களைத்துப்போய் நான் பட்டறைக்குத் திரும்பியபோது முதலாளியம்மா மேசைமேல் ஊமைகள் குவிந்து கிடந்தன. அவர் என்னைப் பார்த்தார், ஊமைகளைப் பார்த்தார், எங்கள் இருவருக்கும் அதிக வித்தியாசம் தெரியவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நாளைக்கு நான் பஞ்சு அடைக்கட்டும், பஞ்சு அண்ணன் முகம் தைக்கட்டும் என்று முடிவு செய்தார். பஞ்சு அண்ணன் திகைத்துப்போய், “நானா? எங்க வீட்ல என் மூஞ்சியே யாருக்கும் பிடிக்கலீங்க. நான் தெக்கிற மூஞ்சி யாருக்குப் பிடிக்கும்?” என்றார். பிடித்தது, மாமா. அவர் தைத்த கரடிகளுக்கு ஒரு கண் காதுக்குப் பக்கத்தில் இருக்கும், வாய் தாடைக்குக் கீழே கழுத்தில் இருக்கும். கடைக்காரர் வந்து பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, இதே மாதிரி இன்னும் வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. யாரும் பார்க்காதபோது பஞ்சு அண்ணனின் கரடி ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ‘நான் எங்க இருக்கேன்?’ என்றது. நல்ல வாக்கியம். எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று இருந்தது.

பஞ்சு அடைப்பதைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொம்மை உள்பக்கம் வெளியாகத் தைக்கப்பட்டு வரும். அதை ஒரு மழுங்கிய குச்சியால் குத்திப் புரட்ட வேண்டும். பஞ்சைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து முதலில் கால் நுனி, கை நுனி என்று தள்ள வேண்டும். வயிற்றில் தளர்வாகவும் கழுத்தில் இறுக்கமாகவும் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தலை தொங்கிவிடும். இதில் தோன்றுவதற்கு ஒன்றுமில்லை. கரடி என்ன சொல்கிறது என்ற கேள்வியே இல்லை, அதற்கு வாயே இன்னும் வரவில்லை. வேலை முடிந்தால் தோள் வலிக்கும், தலை வலிக்காது. முன்பு இதற்கு நேர்மாறாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் படுத்து, யாரோ அணைத்துவிட்ட விளக்குப் போலத் தூங்கினேன். கைக்கு வேலை இருந்ததால் கண்ணுக்கு வேலையில்லாமல் போய், அது பாட்டுக்கு மேய ஆரம்பித்தது. கீழே சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார், அப்போது அவர் கீழுதடு கொஞ்சம் முன்னால் வரும். பேருந்தில் குடையைத் தொலைத்த ஒருவர் தன் மடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. பார்த்தேன், விட்டுவிட்டேன். கிணறு ஊறும்போது எட்டி எட்டிப் பார்க்கக் கூடாது என்பார்களே, அப்படி.

இந்தச் சமயத்தில்தான் அம்மா என் தலைமுடியில் பஞ்சைப் பார்த்தாள். முகம் தைத்தவளைப் பஞ்சு அடைக்க வைத்துவிட்டார்களா, கண்ணாடி போட்டவளை மூட்டை தூக்க வைப்பார்களா என்று அழுதுகொண்டே உங்களுக்கு இரண்டாவது போன் போட்டாள். நான் தேறிக்கொண்டிருந்த நாளில் நான் கெட்டுவிட்டேன் என்ற செய்தி உங்களுக்கு வந்தது. நீங்களும் பாசத்தில் நாற்காலி வாங்கிவிட்டீர்கள். யார்மேலும் தவறில்லை. என் உடம்பு தேறுவதும் கெடுவதும் வெளியே ஒரே மாதிரி தெரிகிறது, அது பிறவிக் கோளாறு.

இதற்குள் பஞ்சு அண்ணன் ஒருநாள் என் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார். புருவம் கறுப்பாக இருந்ததால் யாரோ புது ஆள் என்று நினைத்தேன். கையில் ஒரு கரடி. “தங்கச்சி, ஒண்ணு கேக்கவா? நேத்துலருந்து எல்லாக் கரடியும் ஒரே மாதிரி வருது. கண்ணத் தள்ளி வெச்சாலும் அதே, கிட்ட வெச்சாலும் அதே. கை பாட்டுக்குத் தெக்குது, உள்ள ஆளே இல்ல” என்றார். வாங்கிப் பார்த்தேன். ‘அப்புறம்?’ என்றது கரடி. மேசையில் இருந்த மற்றவையும் ‘அப்புறம்?’, ‘அப்புறம்?’ என்றன. கடைக்காரர் ஆசைப்பட்டு அவரிடம் கேட்டுக் கேட்டு வாங்கியிருக்கிறார், அவரும் மறுக்கவில்லை. “இது என்ன ஒட்டுவாரொட்டியா? ஒங்கிட்டருந்து ஒட்டிக்கிச்சா?” என்று சந்தேகமாகத் தள்ளி உட்கார்ந்தார். நான், “கொஞ்ச நாள் பஞ்சு அடைங்கண்ணே” என்றேன். பட்டறையில் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. மிஷின்காரர்கள் எல்லோரும் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று மத்தியானம் தெருவில் ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்தேன். அவள் அம்மா அவள் கையைப் பிடித்து எங்கேயோ இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பெண் அழவில்லை, கத்தவில்லை. நடைபாதை நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “எழுந்திருடி, எல்லாரும் பாக்கறாங்க” என்றாள் அம்மா. அவள் நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். கோபமே இல்லாத முகம். கீழுதடு நேர்க்கோடாக இருந்தது, கண் இமைக்கவில்லை. எனக்கு உள்ளே ஏதோ ஒரு கடை கதவைத் தூக்கிய சத்தம் கேட்டது. மாடியேறிப் போய், யாரும் கேட்காமல், ஒரு ஊமைக் கரடியை எடுத்து உட்கார்ந்தேன். கை அதன் பாட்டுக்குப் போயிற்று. முடித்து வெளிச்சத்தில் பார்த்தபோது அது ‘முடியாது’ என்றது.

முதலாளியம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, இப்படிப் பாக்குது? இத யாரு வாங்குவா?” என்றார். விற்பதற்கு இல்லைங்க என்றேன். ஆனாலும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது, தையலில் உயிர் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. உடனே பழைய கெஞ்சுகிற குரலில், நாளையிலிருந்து முழுநாளும் முகமே தைத்துவிடு, தேங்கிப்போனதில் கொஞ்சம் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போ என்றார். என் வாய் ‘ச’ வரைக்கும் போய்விட்டது, மாமா. மடியில் கரடி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, “காலையில பஞ்சு அடைக்கிறேன். மத்தியானத்துக்கு மேல முகம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாதுங்க” என்றேன். அவர், “ஏம்மா?” என்றார். வாழ்நாள் முழுக்க நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. கரடியைத் திருப்பி அவர் பக்கம் பார்க்க வைத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. கடைசியில் “சரி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. அந்தக் கரடியை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். காலையில் பஞ்சு அண்ணனும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பஞ்சு அடைக்கிறோம், இருவருக்கும் புருவம் நரைத்திருக்கிறது. மத்தியானம் ஜன்னல் மேசைக்குப் போகிறேன். அவரும் ஆசை வந்தால் வாரத்தில் ஒரு கரடிக்கு முகம் தைக்கிறார், அதைக் கடைக்காரர் தன் கல்லாமேல் வைத்துக்கொள்கிறார். எல்லா நாளும் எனக்கு வாக்கியம் வருவதில்லை. வராத நாளில் மத்தியானமும் பஞ்சுதான். நேற்று ஒரு யானை ‘நான் இல்ல, அவன்தான்’ என்றது. பக்கத்து வீட்டு அக்காவின் தலையணை உறைகளைப் பூப் போடாமல் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆகையால் மாமா, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். நாற்காலியில் அத்தையை உட்கார வையுங்கள், இத்தனை வருஷம் அவர் உங்கள் கடையில் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். பழைய மாதிரி நான் தலையாட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். இப்போது யாராக இருந்தாலும் நேருக்கு நேர் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்குத் தெரியும். நீங்கள் வந்து நின்றாலும் சொல்லிவிடுவேன். பெரியவரிடம் அப்படிச் சொல்வது மரியாதை இல்லையே என்றுதான் இந்தக் கடிதம்.

உங்கள் கடையில் கூட்டம் குறையாமலும், அதற்காக ஊரில் வியாதி கூடாமலும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அத்தைக்கு என் வணக்கம். இனி டானிக் அனுப்ப வேண்டாம், அப்பா இப்போது பக்கத்து வீட்டுக் கதவுகளுக்குப் போய்விட்டார்.

இப்படிக்கு,
உங்கள்மேல் எந்தக் குறையும் இல்லாத
அக்காள் மகள்

பின்குறிப்பு: மாமா, உறையில் உங்கள் விலாசம் எழுதிக்கொண்டிருந்தபோது வாசலில் உங்கள் குரல் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே வந்துவிட்டீர்கள். “என்னம்மா, மூட்டையெல்லாம் கட்டியாச்சா? மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிடலாம், ஒன் நாற்காலி அங்க சும்மா சுத்திக்கிட்டிருக்கு” என்றீர்கள். மேலே எழுதியிருப்பது ஒரு வரி விடாமல் எனக்கு ஞாபகம் இருந்தது. நேருக்கு நேர் பார்த்து வாயைத் திறந்தேன். ‘சரி மாமா’ என்றுதான் வந்தது. நீங்கள் இப்போது கூடத்தில் அப்பாவிடம் டானிக்கைப் பற்றிப் பேசிக்கொண்டு டீ குடிக்கிறீர்கள். அம்மா என் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் பை உள்ளறைக் கட்டில்மேல் இருக்கிறது. இந்தக் கடிதத்தை அதன்மேல் வைத்து, பறக்காமலிருக்கக் கரடியை மேலே உட்கார வைத்திருக்கிறேன், கதவைத் திறந்ததும் உங்களைப் பார்க்கிற மாதிரி. ஏன் என்று அதனிடம் கேளுங்கள். பட்டறைக்கு நேரமாகிவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அப்பா எண்ணெய் விட்ட பின்கதவைத் திறந்துகொண்டு நான் வேலைக்குப் போய்விட்டேன்.